குடும்பிமலைக்கு நாயோடு போகலாமா? – கேள்வி பதில்

மழை விட்டு, வட்டையில் கதிர் முற்றத் தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். மார்கழியில் "டொக்டர், நாய்க்குத் தோல் உரியுது" என்றவர்கள், மாசியில் "மலைக்குக் கூட்டிப் போகலாமா" என்கிறார்கள். நான் மிருக வைத்தியர். லீவு நாட்களில் மலை ஏறுகிறவர். என் வீட்டு நாட்டு நாய் கறுப்பியும் கூட வரும். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

நண்பர்கள் ஆறு பேர், நாய்கள் இரண்டு. குடும்பிமலைக்கு எந்த மாதம், எத்தனை மணிக்கு வெளிக்கிடலாம்? (கல்லடி)

மாசி, பங்குனி. அதற்கு முன்னால் போனால் தண்ணீர். மட்டக்களப்பில், கிரானில் இருந்து புலிபாய்ந்தகல் போகும் பாதையில் மாரி காலத்தில் வள்ளம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்கும் காற்று அது. வேர்வை வந்தது தெரியாமலே காய்ந்துவிடும், உடம்பில் தண்ணீர் குறைவதும் தெரியாது. நமக்கே அப்படி என்றால், பாதத்தைத் தவிர வேறெங்கும் வேர்க்காத நாய்க்கு இன்னும் மோசம். அதற்கு நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நேரம் என்று கேட்டால், விடியும்போது மலையடியில் நில்லுங்கள். ஒன்பதரைக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள், உச்சி இருபது நிமிடத்தில் என்றாலும் சரி. இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், மனிதன் களைத்தால் குந்திவிடுவான், "ஏலாது மச்சான், நீங்க போங்க" என்பான். நாய் அப்படிச் சொல்லாது. நீங்கள் நடக்கும் வரை அதுவும் நடக்கும், விழும் வரை நடக்கும். அதற்கும் சேர்த்துக் களைக்க வேண்டியது நீங்கள்தான்.

பார்க்க வேண்டியவை: நாக்கின் நுனி அகப்பை போல அகன்று தொங்கும். எச்சில் நூல் நூலாகத் தடிக்கும். முரசு (பல் ஈறு) செங்கல் நிறத்துக்கு வரும். ஒவ்வொரு நிழலிலும் போய்ப் படுக்கும். பின்னங்கால் தள்ளாடினால் விஷயம் கைமீறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாயின் சாதாரண உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குத் தூக்கிப் போய் வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றி, தொப்பியால் விசுக்குங்கள். ஈரத் துவாயைப் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். கொஞ்சம் ஆறிய பிறகே வாகனத்துக்குக் கொண்டு போங்கள், யன்னல்களைத் திறந்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொன்று. குடும்பிமலை 2007 ஜூலை வரை சண்டை நடந்த இடம். கண்ணிவெடி அகற்றும் வேலைகள் நடந்துதான் இருக்கின்றன. இருந்தாலும் காட்டுக்குள் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொட வேண்டாம். நாய் நிலத்தைத் தோண்டத் தொடங்கினால் உடனே இழுத்தெடுங்கள். ஊர் ஆள் ஒருவரையும் கூட்டிப் போங்கள். நேற்று யானை எங்கே நின்றது என்பது அவருக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் இருப்பது பக். சின்ன மலைதானே, பரவாயில்லையா? (மட்டக்களப்பு நகர்)

வேண்டாம். மூக்குச் சப்பையான நாய்களுக்கு இளைத்துச் சூட்டை வெளியேற்றும் பாதையே ஒடுக்கம். படுவான்கரை வெயிலில் அவை வாகனத்தில் இருந்து இறங்கி நடப்பதே ஒரு மலைதான்.

பாறை சுடுமா? நாய்க்குச் சப்பாத்து வாங்க வேண்டுமா? (களுவாஞ்சிக்குடி)

சுடும். புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக் கூடாது.

இதில் நான் பட்ட வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்குனி மாதம், நண்பர் ஒருவர் ரொட்டி சுட்டு முடியும் வரை காத்திருந்து, ஏழரைக்குத்தான் ஏறத் தொடங்கினோம். உச்சியில் மொட்டைப் பாறை. கறுப்பி ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. கூத்தில் தாளக்கட்டு ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் சிரித்தோம், நானும்தான். ஒருவர் வீடியோவும் எடுத்தார். இரவு வீட்டில் அது பாதத்தை நக்கிக்கொண்டே இருந்ததைக் கண்டு லைட் அடித்துப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டிலும் அடித்தோல் கொப்பளித்து, ஒரு பக்கம் தபால் முத்திரை அளவில் உரிந்திருந்தது. மிருக வைத்தியர் வீட்டு நாய். பத்து நாள் காலில் துணிக்கட்டோடு முற்றத்தில் நொண்டிக்கொண்டு திரிந்தது.

சப்பாத்து தேவையில்லை. நேரத்துக்கு வெளிக்கிட்டால் போதும்.

யானைக் காடு. நாய் கூட வந்தால் பாதுகாப்புத்தானே, முன்கூட்டியே குரைத்துக் காட்டிக்கொடுக்குமே? (வெல்லாவெளி)

பலரும் இப்படி நினைக்கிறார்கள், நாய் வளர்க்கும் போடியார்கள் (பெரிய வயற்காரர்கள்) உட்பட. வயல் வாடியில் கட்டி நிற்கும் நாய் குரைப்பது வேறு கதை. அங்கே ஆள் பரண் மேலே, கையில் யானைவெடி. மலைப் பாதையில் அவிழ்த்துவிட்ட நாய் என்ன செய்யும் தெரியுமா? முன்னால் ஓடும், பற்றைக்குள் நிற்கும் யானையைக் கண்டு குரைக்கும். யானை திரும்பும். நாய்க்குப் பயம் வந்துவிடும். பயந்த நாய் காட்டுக்குள் ஓடாது, எசமானிடம்தான் ஓடி வரும். யானை அதன் பின்னால் வரும்.

இப்படித் தப்பி வந்த ஒருவரின் நாய்க்கு நான் தையல் போட்டிருக்கிறேன். முள்ளுக்கம்பியில் கிழிந்த காயம். தனியன் யானை ஒன்று வட்டை விளிம்பு வரை துரத்தியதாம். நாய் மேசையில் அமைதியாகப் படுத்திருந்தது. அவருடைய கைதான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஆகவே காட்டுப் பாதை முழுக்க நாய் கயிற்றிலேயே இருக்க வேண்டும், இரண்டு மீற்றருக்கு மேல் விட வேண்டாம். சூடான யானை லத்தியைக் கண்டால் அன்றைய பயணம் முடிந்தது, திரும்பி வந்து குளத்தங்கரையில் இருந்து சோற்றுப் பார்சலைச் சாப்பிடுங்கள். பாலைப் பழம் பழுக்கும் வைகாசி, ஆனி மாதங்களில் கரடிக்கும் இதே கணக்கு. அதுவும் பாறைக் குகைப் பக்கம் நாயை மோப்பம் பிடிக்க விடாதீர்கள்.

குடும்பிகல, தாந்தாமலை, புத்தங்கல, இதில் நாயோடு போகக்கூடியது எது? (அக்கரைப்பற்று)

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். குடும்பிமலை மட்டக்களப்பில், கிரான் பக்கம். குடும்பிகல அம்பாறை மாவட்டத்தின் தெற்கு முனையில், பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போகும் பாதையில். பெயரை மட்டும் வைத்துப் போனைத் தட்டிப் பாதை தேடி, அரை நாள் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்ட மூன்றுமே நாய்க்கு உரிய இடங்கள் இல்லை. குடும்பிகலவில் பிக்குமார் தியானம் செய்யும் குகைகள் இருக்கின்றன. புத்தங்கலயும் ஆரண்ணிய விகாரை. தாந்தாமலை முருகன் கோயில். அங்கே ஏற்கெனவே திரியும் நாய்கள் வேறு, நாம் காரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கும் நாய் வேறு. குமண போன்ற தேசிய பூங்காக்களுக்குள் வளர்ப்பு நாயை விடவே மாட்டார்கள். அது வெறும் சட்டப் பிடிவாதமும் இல்லை. 1994இல் ஆபிரிக்காவின் செரங்கெட்டியில் ஊர் நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் நோயால் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு செத்தது. நம் காட்டில் சிறுத்தையும் நரியும் இருக்கின்றன.

உங்கள் பக்கத்தில் நாயோடு ஏற இடம் வேண்டுமென்றால், அறுகம்பைப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் யானைப் பாறைக்கு விடியப் போங்கள். ஏற்றம் கொஞ்சம், காற்று நிறைய. களப்புப் பக்கம் மட்டும் நாயை இறக்காதீர்கள், முதலை இருக்கிறது.

மேலே கோழி சுட்டுச் சாப்பிடத் திட்டம். ஸ்பீக்கரும் கொண்டு போகிறோம். நாய்க்கு அதிலேயே கொடுக்கலாமா? (ஏறாவூர்)

கோழி சுடுவது வீட்டில். பாறைச் சரிவில் மலைத்தேனீயும் குளவியும் கூடு கட்டியிருக்கும். புகையும் சத்தமும் அதற்குப் பிடிக்காது. கலைந்து வந்தால் ஓடுவதைத் தவிர வழியில்லை. அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் நாயைக் கயிற்றில் இருந்து அவிழ்த்து விடுங்கள், கட்டிய நாய்தான் நிறையக் கொட்டு வாங்கும்.

சாப்பாடு: கோழி எலும்பு, வெங்காயம், சொக்லேட், முந்திரிகை வற்றல் (உலர் திராட்சை) எதுவும் நாய்க்கு வேண்டாம். பிரியாணி என்றால் இதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. அவித்த முட்டை ஒன்றும் வெறும் சோறும் போதும், அதுவும் இறங்கி வந்து ஆறிய பிறகு. தண்ணீர், 15 கிலோ நாய் ஒன்றுக்குத் தனியாக ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் கொடுங்கள். பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். விசர்நாய்க்கடி ஊசியோடு அதற்கான ஊசியையும் போட்டுவிட்டே காட்டுக்குள் கொண்டு போங்கள்.

எங்கள் செற்றில் பாதிப் பேர் முஸ்லிம் நண்பர்கள். நாய் வந்தால் அவர்களுக்குச் சங்கடம். சொல்லவும் மாட்டார்கள். (கல்முனை)

சொல்ல மாட்டார்கள் என்று தெரிகிறதல்லவா, அப்போது நீங்கள் கேளுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த நீரால். மலையில், குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில், அது நடக்கிற காரியமா? நாய்க்கு வேறு வாகனம். நடக்கும்போது நாய் கடைசியில். சாப்பாட்டு விரிப்புக்குப் பக்கத்தில் அதை அவிழ்க்கவே வேண்டாம். நனைந்த நாய் உடம்பைச் சிலுப்பினால் நாலு பேருக்குத் தெறிக்கும், அதையும் யோசியுங்கள். இவ்வளவு ஒழுங்கும் செய்ய முடியாவிட்டால் நாய் அன்றைக்கு வீட்டில் நிற்கட்டும். நண்பர்கள் நிற்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்? (செங்கலடி)

உண்ணி. காதுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழே, விரல் இடுக்கில், வாலடியில். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்புக்குச்சி வைப்பதும் வேண்டாம். ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் நாய் சாப்பாட்டை ஒதுக்கினால், முரசு வெளிறினால், மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போனால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டு வாருங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, பிந்தினால்தான் கஷ்டம். உங்கள் காதையும் பாருங்கள். "காதுக்குள்ள ஏதோ ஊருது" என்று ஆஸ்பத்திரிக்குப் போய், உண்ணியை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நம் பகுதியில் குறைவில்லை.

பாம்பு கடித்தால்? (வாழைச்சேனை)

ஆளைக் கடித்தால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். கட்டுப் போடாமல், கீறாமல், நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நாயைக் கடித்தாலும் கட்டு, கீறல், நடை எதுவும் வேண்டாம். பெரும்பாலும் மூஞ்சியில் அல்லது முன்னங்காலில் கடி விழும். கழுத்துப் பட்டியைக் கழற்றிவிடுங்கள், மூஞ்சி வீங்கினால் அது இறுக்கும். தூக்கிக்கொண்டு இறங்குங்கள். விஷமுறிவு மருந்து எந்த மிருக வைத்தியரிடம் கிடைக்கும் என்பதைப் போவதற்கு முதல் நாளே போன் எடுத்துக் கேட்டு வையுங்கள்.

எங்கள் நாய்க்குப் பதினொரு வயது. சின்னதில் இருந்து எங்களோடு மலை ஏறியது. இப்போது மூட்டு ஏலாது. விட்டுப் போனால் கத்தித் தீர்க்கிறது. (கொக்கட்டிச்சோலை)

கூட்டிப் போகாதீர்கள். ஏற்றத்தை விட இறக்கம்தான் அதன் முன்னங்கால் மூட்டைப் பதம் பார்க்கும். மலைக்குப் போகாத நாட்களில் பின்னேரம் குளக்கட்டுக்குக் கொண்டு போய், அதன் வேகத்தில் அரை மணித்தியாலம் நடக்க விடுங்கள். அது நின்று மணக்கும் இடத்தில் எல்லாம் நீங்களும் நில்லுங்கள்.

அது கத்துவது நீங்கள் போவதால் அல்ல, சப்பாத்தைக் கண்டதால். எங்கள் கறுப்பியும் இப்போது அந்த வயதுக்குக் கிட்டே வந்துவிட்டது. மலைக்குப் போகிற அன்று நான் பாட்டாச் செருப்போடு வாசலைத் தாண்டுகிறேன். சப்பாத்து முதல் நாள் இரவே வானுக்குள் போய்விடும்.