படியிறங்கி ஓடியவர்

வணக்கம்.

உங்கள் போன மாதக் கட்டுரையில் 'மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள்' என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்த அதே வாரத்தில், வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை ஒருவன் சுட்டுக் கொன்ற செய்தியும் வந்தது. மூன்று நாள் எனக்குத் தூக்கமில்லை. நான்காம் நாள் தொலைக்காட்சியில் மெழுகுவத்திகளையும் மலர்க்கொத்துகளையும், கட்டிப்பிடித்து அழுகிறவர்களையும் காட்டினார்கள். 'மனிதநேயம் வென்றது' என்று கீழே எழுத்து ஓடியது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்ன வென்றது? போனவர்கள் போனவர்கள்தானே?

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. "எல்லாரும் நல்லவங்கன்னா இது ஏம்மா நடக்குது?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த நல்லதனம் எல்லாம் நம்மை நாமே தேற்றிக்கொள்ள உண்டாக்கிய கதையா? எல்லாம் முடிந்தபிறகு வருகிற கருணையால் இறந்தவருக்கு என்ன பயன்? மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வரியை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. சுட்டவனும் மனிதன்தான். அவனை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சப் பேரை மட்டும் எண்ணி 'மனிதர்கள் நல்லவர்கள்' என்று சொல்வது நியாயமில்லை. உங்கள் ஆத்திரமும் சரியானதுதான். புதைத்த மண் காய்வதற்கு முன்னால் வெற்றியைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் நல்லதனம் வெறும் கதையா என்று கேட்டீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் என்பதற்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1964 மார்ச் 13, விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நியூயார்க்கின் க்யூ கார்டன்ஸ் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிய கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண்ணை ஒருவன் கத்தியால் குத்தினான். சன்னலிலிருந்து ஒருவர் அதட்டியதும் விலகி ஓடினான். பிறகு திரும்பி வந்து, கட்டடத்தின் பின்பக்க வாசலுக்குள் ஒதுங்கியிருந்தவளைத் தேடிப்பிடித்து மறுபடியும் குத்தினான். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் இதை முதல் பக்கத்தில் போட்டது. 38 பேர் அரைமணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாக்குதல் நடக்கும்போது ஒருவர்கூடப் போலீசைக் கூப்பிடவில்லை என்றது அந்தச் செய்தி. படித்தவர்கள் பதறிப்போனார்கள். கூட்டம் பெரிதாக ஆக யாரும் உதவ மாட்டார்கள், 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று இருந்துவிடுவார்கள் என்ற கருத்து இந்தக் கொலையைத் தொட்டுத்தான் உளவியல் பாடப்புத்தகங்களுக்குள் போனது.

அந்தச் செய்தி தவறானது. பெரும்பாலானவர்கள் எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. பலர் சத்தத்தை மட்டும் கேட்டிருந்தார்கள், அது என்ன சத்தம் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பார்த்தும் பேசாமல் இருந்தவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2016-ல் அந்தப் பத்திரிகையே தன் பழைய செய்தியில் பிழை இருந்ததை ஒப்புக்கொண்டது.

எனக்கு இந்த எண்ணிக்கைத் தவறைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்தச் செய்தியில் ஒரு பெண்மணி இல்லவே இல்லை. அவர் பெயர் சோஃபியா ஃபரார். அதே கட்டடத்தில் குடியிருந்தவர், கிட்டியின் தோழி. விஷயம் காதில் விழுந்ததுமே படியிறங்கி ஓடியிருக்கிறார். கொலைகாரன் இன்னும் அங்கே நிற்கிறானா, போய்விட்டானா என்று அவருக்குத் தெரியாது. ரத்தத்தில் கிடந்தவளைக் கைகளில் ஏந்தி அணைத்துக்கொண்டு, உதவி வரும்வரை அவளை விட்டு நகராமல் அங்கேயே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கிட்டி இறந்துபோனாள். பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்பட்ட 38 பேரை உலகம் பல பத்தாண்டுகள் பேசிக்கொண்டிருந்தது. ஓடிவந்த ஒருவரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வயதுக்கு இது தாங்கும். நடந்ததில் ஒரு பகுதிதான் அவன் காதுக்கு வந்திருக்கிறது.

இந்த ஒரு சம்பவத்தை வைத்து மட்டும் நான் பேசவில்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளிலிருந்து 219 தகராறுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 91 சதவீதத்தில் குறைந்தது ஒருவராவது குறுக்கே போயிருந்தார். பிடித்து விலக்கியிருந்தார், இல்லையென்றால் அடிபட்டவரைத் தேற்றியிருந்தார். ஆள் கூடக்கூட அப்படி ஒருவர் வருவதற்கான வாய்ப்பும் கூடியது, பாடப்புத்தகம் சொன்னதற்கு நேர் எதிராக. தெருச்சண்டை வேறு, துப்பாக்கி வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் துப்பாக்கிக்கு முன்னாலும் இது நடந்திருக்கிறது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் சுட்டுக்கொண்டிருந்தபோது, அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் அறையை விட்டு எழுந்து ஓடாமல், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருந்த அறையை நோக்கியும் சுட்டார்கள்.

இதில் நார்வேயில் நடந்ததுதான் என் மனதைவிட்டு அகலாதது. 2011 ஜூலை 22 அன்று உடோயா தீவில், இளைஞர் முகாமுக்கு வந்திருந்தவர்களில் 69 பேரை ஒருவன் கொன்றான். பிள்ளைகள் குளிர்ந்த ஏரிக்குள் குதித்து நீந்தினார்கள். எதிர்க்கரையில் விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த சிலர் தங்கள் சின்னப் படகுகளை எடுத்துக்கொண்டு போய் அவர்களைத் தூக்கி ஏற்றினார்கள். அப்போதும் சுடும் சத்தம் ஓயவில்லை. கரையில் இறக்கிவிட்டு மறுபடியும் போனார்கள். அப்புறம் இன்னொரு முறை. இந்த 'மறுபடியும்' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். முதல் தடவை போவதைப் பதற்றத்தில் செய்தது என்று சொல்லலாம், உடம்பு யோசிக்காமல் கிளம்பிவிடும். இரண்டாவது தடவை படகைத் திருப்புகிறவருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று நன்றாகவே தெரியும். தெரிந்துதான் போகிறார். அவர்களில் சிலர் பிறகு வருடக்கணக்கில் அந்த நாளிலிருந்து மீள முடியாமல் தவித்தார்கள். காப்பாற்றியவர்களையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்கு மிகத் தாமதமாகத்தான் உறைக்கிறது.

தமிழில் எழுதிக்கொண்டு 1983 ஜூலையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. கொழும்பில் கலவரக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப்போனார்கள். அதே தெருக்களில் சிங்களக் குடும்பங்கள் அயல்வீட்டுத் தமிழர்களைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்துவைத்தன. வாசலில் வந்து கேட்டவர்களிடம் 'இங்கே யாரும் இல்லை' என்று சொல்லி அனுப்பின. அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளக்கூட முடியாது, சொன்னால் அவர்கள் வீடும் எரியும். இதைப் பேசினால் கொலைகளை மறைப்பதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காப்பாற்ற வேண்டிய அரசு கைவிட்டதால்தானே பக்கத்து வீட்டுக்காரர் ஒளித்துவைக்க வேண்டி வந்தது? அடைக்கலம் கொடுத்த கதையைச் சொல்கிறபோது குற்றத்தையும் கூடவே சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஆத்திரத்துக்கு அடியில் இன்னொரு பயமும் இருப்பதாக எனக்குப் பட்டது. நல்லதனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அடுத்து பாதிக்கப்பட்டவர்களிடம் போய் 'நீங்களும் மன்னித்துவிடுங்கள்' என்பார்களோ என்ற பயம். என்பார்கள். அது கொடுமை. 2015 ஜூனில் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நீதிமன்றத்தில் கொலைகாரனைப் பார்த்து, இறந்துபோன ஒரு தாயின் மகள் 'உன்னை மன்னிக்கிறேன்' என்றார். உலகமே அதைக் கொண்டாடியது. அதே தாயின் இன்னொரு மகளுக்கு அது முடியவில்லை. அந்த வேகத்தில் தன்னால் வர முடியாது என்றார், நீண்ட காலம் எடுத்துக்கொண்டார். இருவரில் யார் நல்லவர் என்று கேட்பதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அவரவர் துக்கம் அவரவர்க்கு.

மன்னிப்பு என்று நாம் ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடுவது, பக்கத்தில் போய்ப் பார்த்தால் அன்றாட வேலையாக இருக்கிறது. 2006 அக்டோபரில் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில், ஆமிஷ் என்ற, எளிய வாழ்க்கை வாழும் கிறிஸ்தவச் சமூகத்தின் சின்னப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அவனும் தன்னையே சுட்டுக்கொண்டான். அன்றைக்கே ஆமிஷ் அண்டை வீட்டார் அவன் குடும்பத்தைத் தேடிப் போனார்கள். அவன் அடக்கத்துக்கும் வந்து நின்றார்கள். இது பலருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். பிழைத்தவர்களில் ஒரு சிறுமிக்குத் தலையில் பட்ட காயத்தால் பேச்சும் நடையும் போய்விட்டன. சுட்டவனின் தாய் டெர்ரி ராபர்ட்ஸ் வாரம் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய் அவளைக் குளிப்பாட்டினார், படித்துக்காட்டினார், பாடினார். ஓரிரு மாதம் இல்லை, பல வருடங்கள். தன் மகன் செய்ததை வாரா வாரம் தன் கையால் தொட்டுப் பார்க்க அந்தத் தாய்க்கு எப்படி மனம் வந்தது? அந்தக் கையில் தங்கள் பிள்ளையை ஒப்படைக்கப் பெற்றவர்களுக்கு எப்படி மனம் வந்தது? நானும் பல வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். கேமராக்கள் எல்லாம் எப்போதோ போய்விட்ட பிறகு நடந்தது இது.

நான்காம் நாள் பூ வைக்க வந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். தூரத்தில் இருக்கிறவருக்கு அதுதான் முடிகிறது. ஆனால் நீங்கள் ஏதாவது செய்ய நினைத்தால் நான்காம் மாதத்தையும் மனதில் வையுங்கள். விசாரணைக்குக் கூட வருவதற்கும், இழப்பீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொடுப்பதற்கும், இறந்துபோன பிள்ளையின் பெயரைத் தயங்காமல் சொல்லிப் பேசுவதற்கும் அப்போது அநேகமாக ஆளே இருக்காது.

கடைசியாக, இறந்தவருக்கு என்ன பயன் என்று கேட்டீர்கள். மழுப்ப வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இறந்தபின் செய்கிற எதுவும் அவருக்குப் போய்ச் சேருவதாக நான் நம்பவில்லை. போய்ச் சேரும் என்று உங்களிடம் சொல்லவும் மாட்டேன். ஆனால் இறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்கிறது. சில நிமிடங்கள்தான். சோஃபியா ஃபரார் 2020-ல் தன் 92-வது வயதில் காலமானார். அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் அந்த இரவைப் பற்றி அவரிடம் கேட்டார்கள். பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் என்று கிட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும், தான் தனியாக இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது மட்டும்தான் தன் ஆசை என்றார்.

அன்புடன்.