பிள்ளைகளை மனதில் பட்டதைப் பேச விடலாமா? பெரியவர்களை எதிர்த்துப் பேசும் பழக்கமாகிவிடாதா?

உங்கள் வீட்டிலும் யாரோ "பிள்ளைக்கு ரொம்ப இடம் கொடுத்துட்டே" என்று சொல்லியிருப்பார்கள், அதான் கேட்கிறீர்கள். எனக்கு அதைச் சொன்னது என் அம்மா. என் பதில்: பேச விடுங்கள். விட்ட பிறகு நான் செய்ததை மட்டும் செய்யாதீர்கள்.

மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம். அப்பா திண்ணையில் இருந்தால் நான் கொல்லை வழியாகத்தான் வீட்டுக்குள் போவேன். அதனாலேயே மகளை எதையும் கேட்க விட்டேன். குழம்பில் உப்பில்லை என்பதிலிருந்து, தாத்தா ஏன் பாட்டியை 'ஏய்' என்றே கூப்பிடுகிறார் என்பது வரை கேட்பாள். எனக்குப் பெருமைதான்.

2022 குறுவை நெல் சாகுபடி. மே 24-ம் தேதியே மேட்டூர் அணை திறந்த வருஷம். அரசு நெல் கொள்முதல் நிலையக் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு ஆறு நாள் காத்துக் கிடந்தோம். காலாண்டு லீவு என்பதால் ஒன்பதாவது படித்த மகள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தராசையே பார்த்துக்கொண்டிருந்தவள், "சார், மூட்டைக்கு 40 கிலோதானே? சாக்கு அரைக் கிலோன்னு வச்சாலும் 42 எதுக்கு?" என்று கேட்டுவிட்டாள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த கணக்கு அது. நான் "வாயை மூடு, வீட்டுக்குப் போ" என்றேன். எடை போட்ட ஆளிடம், "சின்னப் புள்ள, மனசுல வச்சுக்காதீங்க சார்" என்று வேறு இளித்தேன்.

அப்படியும் மீதி நெல்லுக்கு ஈரம் 18 சதவீதம் காட்டுது, 17-க்கு மேல் எடுக்க முடியாது என்று தள்ளிவைத்தார்கள். காலையில் அதே குவியலைச் சரி என்றவர்கள்தான்! ராத்திரி மழை. அக்டோபரில் மழை வரும் என்று எங்கள் ஊர் மாட்டுக்கும் தெரியும், களத்துக்கு ஒரு கூரை மட்டும் வராது. 19 சதவீதம் வரை எடுக்கலாம் என்று தளர்வு வந்தபோது எங்கள் நெல் தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டிருந்தது. சரி, கேள்வியை விட்டு எங்கோ போய்விட்டேன்.

எல்லா நிலையமும் இப்படி என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். மகள் பேசியதால்தான் நஷ்டம் என்றும் சொல்லவில்லை. மழை எல்லார் நெல்லிலும்தான் பெய்தது.

அன்றைக்கு ராத்திரி அவள் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுல மட்டும்தான் பேசணும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லப்பா?"

இப்போது ப்ளஸ் டூ. குழம்பில் உப்பில்லை என்றாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறாள். பேத்திக்கு அடக்கம் வந்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.