வாசகர் கேள்வி – பதில்: இரண்டாயிரம் படங்களும் பத்து வரிகளும்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த என் அக்காவின் குடும்பத்தினர் திருகோணமலையில் தங்கிய 4 நாட்களில் 2000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார்கள். இப்போது, எந்தப் படம் நிலாவெளியில் எடுத்தது, எந்தப் படம் மார்பிள் கடற்கரையில் எடுத்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. இத்தனை படங்கள் இருந்தும் நினைவு ஏன் நிற்கவில்லை? அடுத்த முறை என்ன செய்யலாம்?
– வாசகி, உப்புவெளி

பதில்: அன்புச் சகோதரி, அவர்களுடைய மறதியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014ஆம் ஆண்டு ஓர் ஆய்விதழில் வெளிவந்த தம் ஆய்வுக்காக, அருங்காட்சியகம் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, சில பொருட்களைப் படமெடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் வைத்தார். மறுநாள் சோதித்தபோது, படமெடுத்த பொருட்களையே அவர்கள் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். கருவி காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் மனம் தன் வேலையை விட்டுவிடுகிறது. ஆனால், பொருளின் ஒரு பகுதியை மட்டும் அண்மையாக்கிப் படமெடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை என்பதையும் அவர் கண்டார்.

ஆகவே, கோணேசர் கோயிலருகே இராவணன் வெட்டு எனப்படும் பாறைப் பிளவின் ஓரத்தில் நின்று கடல் முழுவதையும் ஐம்பது தடவை எடுப்பதைவிட, பிள்ளைவரம் வேண்டி அங்கே மரக்கிளையில் கட்டப்பட்டிருக்கும் சிறு தொட்டில்களில் ஒன்றை ஆறுதலாகப் பார்த்து ஒரே ஒரு படம் எடுப்பது மேலானது. பிரெட்ரிக் கோட்டை வாசலில் பொறிக்கப்பட்டுள்ள இணைக்கயல் என்ற இரட்டை மீன் சின்னத்தைப் படமெடுப்பவர், போர்த்துக்கேயர் தாங்கள் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கொண்டே அந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்பதையும் அதனுடன் குறித்துவைத்தால், வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வெறும் மீன் படமாக இராது.

இந்தக் குறிப்பைத்தான் நான் படத்தைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். அன்றிரவு படுக்கப்போவதற்கு முன் ஒரு கொப்பியில் பத்து வரி எழுதினால் போதும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் எதன் நீர் உடலுக்கு அதிகம் சுட்டது, வாளியை ஊற்றியபோது சின்னவன் என்ன சொன்னான், திரும்பும் வழியில் வாங்கிய கச்சான் எப்படியிருந்தது ஆகியவை எந்தப் படத்திலும் விழுவதில்லை. மறுநாளே மங்கத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில், ஒல்லாந்தர் குடாக் கரையில் ஐந்து பேர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. அதன் பின்புறத்தில் ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. அவர்களில் இருவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் காலமாகிவிட்டார்கள். அந்தப் படத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

மற்றொன்று, படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் படங்களை அழித்துவிட வேண்டாம். வழமையான முறையில் அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதுடன், அதனுள் பதிந்திருக்கும் இடம், நேரம் பற்றிய விபரங்களும் நீங்கிவிடுகின்றன. தங்கள் அக்காவிடம் மூலப் படங்கள் இன்னும் இருந்தால், கைத்தொலைபேசியில் இட விபரம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிலாவெளியும் மார்பிள் கடற்கரையும் அப்படியே பிரிந்துவிடக்கூடும். பின்னர் 2000இல் 60ஐத் தெரிந்து அச்சிட்டு, மீதியை இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வைக்கலாம்.

கேள்வி: பேருந்துச் சீட்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வைத்தேன். ஓராண்டுக்குள் எழுத்து மறைந்துவிட்டது. ஏன்?
– வாசகர், மூதூர்

பதில்: அவை மையால் அச்சிடப்பட்டவை அல்ல, சூடு பட்டால் நிறம் மாறும் பூச்சுள்ள தாளில் விழுந்த எழுத்துகள். வெயிலும் வெப்பமும் பிளாஸ்டிக் உறையும் அவற்றை விரைவில் அழித்துவிடும். வாங்கிய அன்றே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாமலைத் தீவுக்குப் போய்வந்த என் மகள் சிறிய முருகைக்கல் (பவளப்பாறைத் துண்டு) ஒன்றை எடுத்து வந்துவிட்டாள். செத்த கல்தானே, நினைவுக்காக வைத்திருக்கலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: வைத்திருக்கக் கூடாது. புறாமலை 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுத்துச் செல்வதைச் சட்டம் தடுக்கிறது. செத்த கல்லென்றும் அதைத் தள்ள முடியாது, ஏனெனில் அதன் இடுக்குகளில் சிற்றுயிர்கள் ஒதுங்குகின்றன; அது தேய்ந்தே கரையின் வெண்மணலும் உண்டாகிறது. பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல், முதலில் அந்தக் கல்லைப் பார்த்து அவள் கையாலேயே ஒரு படம் வரையச் செய்யுங்கள். துளைகளை எண்ணி வரைகின்ற பிள்ளை அதை எளிதில் மறக்காது. பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு, நிலாவெளியில் புறாமலைக்கு அனுமதிச்சீட்டு வழங்கும் வனசீவராசிகள் திணைக்கள அலுவலர்களிடம் கல்லை ஒப்படைத்துவிடுங்கள். வரைந்த தாளின் கீழே அன்றைய திகதியையும் எழுதச் சொல்லுங்கள்.