புகைமூட்டத்தில் ஏழை, பணக்காரன் உண்டா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா தோட்டங்களைப் பற்றிய கட்டுரையில் புகைமூட்டத்தையும் வருமான ஏற்றத்தாழ்வையும் முடிச்சுப் போட்டிருந்தீர்கள். 2005-இல் புகையால் கோலசிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். தோட்டத்தை நடத்தும் துரையும் இருமினார், தொழிலாளியும் இருமினார். தோட்டத்தில் நோய் கூடுதல் என்றால் சிகரெட்டும் சம்சு என்ற மலிவுச் சாராயமும்தான் காரணம். எதற்கெடுத்தாலும் வருமானத்தை இழுப்பது சரியா? அப்புறம், அடுத்த முறை புகை வந்தால் தோட்டத்துக்கு முகக்கவசம் அனுப்பலாம் என்று நண்பர்கள் சிலர் நினைக்கிறோம். பயன்படுமா?

– ஒரு வாசகர், சுபாங் ஜெயா

அன்புள்ள நண்பருக்கு,

இருவரும் இருமினார்கள், சரி. அந்த ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியது, யாரையும் விடவில்லை. ஆனால் துரை பங்களாவில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏர்கோனைப் போட முடியும். தொழிலாளர்கள் வாழும் லயத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையும். சாத்தினால் உள்ளே வெந்துபோவார்கள். திறந்துதான் வைத்தாக வேண்டும்.

வேலையையும் பாருங்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுபவர் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே இழுக்கிறார். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். இப்படி உழைப்பவர் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுப்பார், கூடவே தூசையும். எங்கள் பக்கத்தில் குலைக் கணக்கில்தான் கூலி. புகை என்று படுத்துக்கொண்டால் அன்றைய காசு போச்சு. (இன்று அரிவாள் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். நம் ஆட்களை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.)

சம்சு குடலை அரித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் லண்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. எல்லாரும் நிலையான சம்பளக்காரர்கள், பரம ஏழை யாருமில்லை. ஆனாலும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

அப்படியானால் ஆளைச் சாய்ப்பது காற்றா, ஏற்றத்தாழ்வா? உங்கள் கடிதத்துக்குள் இருக்கும் நல்ல கேள்வி இதுதான். அமெரிக்காவில் ஆறு ஊர்களை ஒப்பிட்ட ஆய்வு 1993-இல் வந்தது. சிகரெட்டையும் படிப்பையும் கணக்கில் எடுத்த பிறகும், காற்று மிக மோசமான ஊரில் இறப்பு விகிதம் மிகச் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் அதிகம். 2000-இல் அதே தரவை வேறொரு குழு மறுபடி அலசியது. காற்றிலிருந்த அதே தூசு, படிப்புக் குறைந்தவர்களையே, அதாவது பெரும்பாலும் வருமானமும் குறைந்தவர்களையே, கூடுதலாகப் பாதித்திருந்தது. நான் போட்ட முடிச்சு இதுதான்.

முகக்கவசம் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் குலை வெட்டுபவரை நம்பி வாங்காதீர்கள். என்95-ஐ மாட்டிக்கொண்டு அந்த வேலை செய்ய முடியாது. வியர்வையில் ஊறியதும் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிடுவார். வயதானவர்களுக்கும் இழுப்பு உள்ளவர்களுக்கும் கொடுங்கள். பிள்ளைகளுக்குச் சின்ன அளவாகப் பார்த்து வாங்குங்கள், பெரியது கன்னத்தோரம் இடைவெளி விடும். பணம் மிஞ்சினால் பாலர் பள்ளிக்கு ஒரு காற்று வடிகட்டி.

உங்கள் நண்பர்களில் தோட்டக் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர் யாராவது இருந்தால், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: குறியீடு 200-ஐத் தாண்டும் நாளில் குலை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கூலியும் கொடுப்பீர்களா?