டி போர்டு, பெர்மிட், எஃப்.சி: டாக்ஸி, வேன், மினி பஸ் உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

டாக்ஸி, வேன், மினி பஸ் உரிமங்கள் பற்றி வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளைப் பற்றியவை. பிரிவு எண்கள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எண்கள். ஆர்டிஓ ஆபீசில் பேசும்போது பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் தெளிவாக வரும் என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வேன் உரிமையாளர்: என்னிடம் 12+1 டெம்போ டிராவலர் இருக்கிறது. ஒரே நாளில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் சுற்றிக் காட்டுகிறேன். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். வழியில் கை காட்டுகிறவர்களையும் சீட் இருந்தால் ஏற்றுவேன். காண்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட் இருக்கிறது. போதும்தானே?

போதாது. இதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, வழியில் ஆள் ஏற்றுவது. காண்ட்ராக்ட் கேரேஜ் என்றால் வண்டி முழுவதையும் ஒரு தரப்பு பேசி எடுத்துக்கொள்வது. அந்த ஒப்பந்தத்தில் இல்லாதவரை நடுவழியில் ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று 2(7) பிரிவே சொல்கிறது. பாதி வண்டி காலியாக ஓடும் நாளில் கை காட்டுகிறவரை விட்டுவிட்டுப் போவது கஷ்டம்தான். ஆனால் அவரை ஏற்றிய நொடியில் உங்கள் பெர்மிட் சொல்லும் வேலையிலிருந்து வண்டி வெளியே போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது. டிரைவர் தவிர ஆறு பேர் வரை ஏறும் கார் சட்டத்தில் மோட்டார் கேப். ஏழு முதல் பன்னிரண்டு பேர் வரை என்றால் மேக்ஸி கேப். மோட்டார் கேபில் தனித்தனியாகக் கட்டணம் வாங்கினாலும் அது காண்ட்ராக்ட் கேரேஜ்தான் என்று சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஆறு பேருக்கு மேல் ஏறும் வண்டியில் தனித்தனிக் கட்டணம் வாங்கினால், முழுப் பயணத்துக்கு வாங்கினாலும் சரி, பாதி வழிக்கு வாங்கினாலும் சரி, அது ஸ்டேஜ் கேரேஜ், அதாவது ரூட் பஸ், என்ற வரையறைக்குள் வந்து நிற்கும். பஸ் பெர்மிட் இல்லாமல் பஸ் ஓட்டியதாக வழக்குப் போட இது போதும். 2023 நவம்பரில் பத்தனம்திட்டாவிலிருந்து கோயம்புத்தூருக்குச் சுற்றுலா பெர்மிட்டில் ஓடிய ஒரு பஸ்ஸைக் கேரளத்திலும் நம் பக்கத்திலும் நிறுத்தி அபராதம் போட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டையின் மூலமும் இதுதான். ஆகவே முன்பதிவு வாங்குங்கள். குழுவுக்கு ஒரே ஒப்பந்தச் சீட்டு எழுதுங்கள். பயணிகளின் பெயர்ப் பட்டியல், எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்ற விவரம் இரண்டும் வண்டியில் இருக்கட்டும். எல்லோரும் ஒரே இடத்தில் ஏறி, சுற்றி முடித்துத் திரும்பி வந்து இறங்கட்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒன்பது கோயில்களில் எட்டு நம் மாநிலத்தில் இருக்கின்றன. சனி பகவானின் திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது, அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஒரு மாநிலத்தில் கொடுத்த பெர்மிட் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது (பிரிவு 88). உங்கள் பெர்மிட்டில் எந்தெந்தப் பகுதிகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். புதுச்சேரி இல்லையென்றால் பயணத்துக்குப் பயணம் ஸ்பெஷல் பெர்மிட் வாங்க வேண்டும், 88(8) அதற்காகவே இருக்கிறது. வாரம் தவறாமல் ஓட்டுகிறீர்கள் என்றால் அகில இந்தியச் சுற்றுலா பெர்மிட் எடுப்பதுதான் சரி. அதற்கான புதிய விதிகள் 2023 மே 1 முதல் நடைமுறையில் உள்ளன. விண்ணப்பம், கட்டணம் எல்லாமே ஆன்லைன். காகிதங்கள் சரியாக இருந்து ஏழு நாளில் முடிவு வராவிட்டால் பெர்மிட் கொடுத்ததாகவே கணக்கு.

மதுரை வாசகர்: சொந்தக் கார் வைத்திருக்கிறேன், வெள்ளை போர்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறேன். பிடித்தால் என்ன ஆகும்?

பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டுவது 66ஆம் பிரிவை மீறுவது. 192ஏ பிரிவின்படி முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த தொகை இது. 207ஆம் பிரிவில் வண்டியைப் பிடித்து வைக்கவும் முடியும்.

அபராதத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தனிப்பட்ட உபயோகம் என்று எடுத்த இன்சூரன்ஸில் வாடகைக்கு ஓட்டி விபத்தானால், உங்கள் வண்டிக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படும். மூன்றாம் நபருக்கான இழப்பீடு விஷயத்தில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படையான மீறல். இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். உயிரிழப்பு வழக்கில் இழப்பீடு பல லட்சத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை சவாரிக் காசு ஆயுள் முழுக்கச் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. காரை டி போர்டாக, அதாவது வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டாக, மாற்றிக்கொள்ளுங்கள். லோன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று, புது வகை இன்சூரன்ஸ், எஃப்.சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), வரி வித்தியாசம், அதன்பிறகு பெர்மிட் என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் பக்கத்து வீட்டுக்காரரை நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவது இதில் சேராது. நோயாளி, அடிபட்டவர்களை அவசரத்துக்கு ஏற்றிச் செல்வதற்கு 192ஏ பிரிவே விலக்குத் தருகிறது. அப்படி ஓட்டியதை ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். சட்டத்துக்குப் பயந்து யாரும் அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடக் கூடாது.

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் போன மாதம் இறந்துவிட்டார். டாக்ஸி அவர் பெயரில் இருக்கிறது. இன்னும் லோன் இருக்கிறது. டிரைவர் வைத்து ஓட்டினால்தான் தவணை கட்ட முடியும். ஓட்டலாமா?

ஓட்டலாம் அம்மா. ஆனால் நாள் கணக்கு முக்கியம். இந்தப் பதிலைப் படித்தவுடன் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் வைத்திருந்தவர் இறந்தால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் மூன்று மாதம் வரை அதே பெர்மிட்டில் ஓட்டிக்கொள்ள 82(2) பிரிவு அனுமதிக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இறந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள், அவர் இறந்துவிட்டார், வண்டியை நான் ஓட்டப் போகிறேன் என்று பெர்மிட் கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும். இறப்புச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லையென்றால் அதற்கு மனுக் கொடுத்த ரசீதை இணைத்துக் கொடுங்கள். நேரில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கி வாருங்கள். பெர்மிட்டுக்கே இருக்கும் காலாவதித் தேதி அதற்கு முன்னால் வந்தால் அந்தத் தேதியோடு இந்தச் சலுகையும் முடிந்துவிடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று மாதத்துக்குள் இரண்டு மாற்றங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றிதழை) உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 31. பெர்மிட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 82(3) பிரிவின் கீழ் மனு. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரத் தாமதமாகும், ஆகவே அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தக்க காரணம் இருந்தால் மூன்று மாதம் தாண்டிய மனுவையும் ஏற்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. யாராவது கெடு போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னால் நம்பி வண்டியை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடாதீர்கள். துக்க வீட்டில் இப்படிச் சொல்லி வண்டியைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இந்த வாரமே கடிதம் எழுதுங்கள். லோனோடு சேர்த்து உங்கள் கணவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பல கடன்களில் அது இருக்கும். குடும்பத்துக்கு யாரும் எடுத்துச் சொல்லாததால் அப்படியே கிடக்கும். அது இருந்தால் மீதிக் கடனே அடைந்துபோக வாய்ப்பு உண்டு.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பட்டதாரி: எங்கள் ஊருக்குப் பஸ் இல்லை. புது மினி பஸ் திட்டத்தில் ஒரு வண்டி விட நினைக்கிறேன். எதைப் பார்த்து இறங்க வேண்டும்?

நல்ல எண்ணம். மினி பஸ் திட்டம் தமிழ்நாட்டில் 1997இலேயே தொடங்கியது. புதிய விரிவான திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 ஜூன் 16 அன்று உங்கள் தஞ்சாவூரில்தான் தொடங்கிவைத்தார். வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 சதவீதம் ஏற்கெனவே பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். மினி பஸ் என்பது ஸ்டேஜ் கேரேஜ், ஆகவே கட்டணம் அரசு நிர்ணயிப்பது, நேர அட்டவணை உண்டு. பெர்மிட் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்பது உங்கள் மாவட்ட ஆட்சியர். ஆர்டிஓ அதற்குச் செயலாளர் மாதிரி.

வண்டி வாங்குவதற்கு முன் பாதையை நடந்து அளந்து பாருங்கள். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எத்தனை பேர் போகிறார்கள், நடுப்பகலில் எத்தனை பேர் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள். நடுப்பகல் காலியாக ஓடும் பாதைதான் மினி பஸ்காரரைக் கடனாளியாக்கும். அதே நேரத்தில் அந்த மதிய டிரிப்பை நிறுத்திவிட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் கர்ப்பிணியும் ரேஷன் வாங்கப் போன பாட்டியும்தான் வெயிலில் நிற்பார்கள். பெர்மிட்டில் எழுதிய டிரிப்புகளை ஓட்டாமல் விடுவது பெர்மிட் நிபந்தனையை மீறுவது, 86ஆம் பிரிவில் பெர்மிட்டையே ரத்து செய்யலாம். கணக்குப் போடும்போதே அந்தக் காலி டிரிப்புகளின் டீசலையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் மனு நிராகரிக்கப்பட்டால் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது (பிரிவு 89).

சேலம்: சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் டாக்ஸி ஓட்டலாமா?

ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை இலகு ரக லைசென்ஸ் இருப்பவர் ஓட்டலாம், தனியாக டிரான்ஸ்போர்ட் பதிவு தேவையில்லை என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வயது இருபது நிறைந்திருக்க வேண்டும். வண்டியின் எடை ஆர்.சி.யில் இருக்கும், வேன் பெரிதாக இருந்தால் அதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

திருப்பூர்: நானும் நண்பரும் சேர்ந்து போன் ஆப் வழியாகக் கால் டாக்ஸி தொடங்கப் போகிறோம். சொந்த வண்டி கிடையாது. மற்றவர்களின் வண்டியை இணைத்துவிடுவோம். எங்களுக்கு லைசென்ஸ் எதற்கு?

93ஆம் பிரிவைப் படியுங்கள். வண்டி யாருடையதாக இருந்தாலும், டிரைவரையும் பயணியையும் ஆப் வழியாக இணைப்பவர் சட்டத்தின் பார்வையில் அக்ரிகேட்டர், அவருக்கு லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் நடத்தினால் 193(2) பிரிவின்படி இருபத்தைந்தாயிரம் முதல் ஒரு லட்சம் வரை அபராதம். ஆப் இல்லாமல் கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ட்ராவல்ஸ் ஏஜென்ட்டுக்கும் அதே 93ஆம் பிரிவு பொருந்தும். இணைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் எஃப்.சி, பெர்மிட், இன்சூரன்ஸ் தேதிகளை எழுதி வைத்து, முடிவதற்கு ஒரு மாதம் முன்பே உரிமையாளருக்கு நினைவூட்டுங்கள். பயணி உங்களை நம்பித்தான் ஏறுகிறார்.

கோவை, ஒரு தாய்: எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு ஆம்னி வேனில் பள்ளிக்குப் போகிறார்கள். நெருக்கி உட்கார வைக்கிறார். கட்டணம் குறைவு. கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

தயங்காமல் கேளுங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்துபோனாள். அந்த ஆண்டில்தான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. பள்ளி திறக்கும் முன் ஒவ்வொரு ஆண்டும் பள்ளி வண்டிகளை அதிகாரிகள் மைதானத்தில் நிறுத்திச் சோதிப்பது அதனால்தான். வெள்ளை போர்டு ஆம்னி வேன் அந்தச் சோதனைக்கு வருவதே இல்லை. அதன் தரையை, கதவை, அவசர வழியை யாரும் பார்ப்பதில்லை. தெருவில் உள்ள பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து போய் ஆர்.சி, எஃப்.சி, இன்சூரன்ஸ் மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். டிரைவர் நல்லவராகவே இருக்கலாம், பிழைப்புக்குத்தான் ஓட்டுகிறார். அவரே டி போர்டுக்கு மாறி, அளவோடு பிள்ளைகளை ஏற்ற ஒப்புக்கொண்டால் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கப் பெற்றோர் முன்வர வேண்டும். குறைந்த கட்டணத்தில் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றச் சொல்லி நாமே அவரைத் தள்ளிவிடுகிறோம்.

விழுப்புரம்: சபரிமலைக்குக் குழுவாக வேன் பேசியிருக்கிறோம். வண்டி சரியான வண்டிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டி நம்பரைக் கேளுங்கள். எம்பரிவாகன் ஆப்பில் அந்த நம்பரைப் போட்டால் எஃப்.சி, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு எஃப்.சி ஆண்டுதோறும், அதற்குட்பட்டதற்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கேரளத்துக்குள் போவதற்கான பெர்மிட் நகலை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு வண்டி பாருங்கள். புறப்படும் அன்று வந்து நிற்பது அதே நம்பர் வண்டிதானா என்று சரிபாருங்கள், கடைசி நேரத்தில் வண்டி மாற்றி அனுப்புவது சீசனில் சகஜம். இரவு முழுக்க ஓட்டுவதென்றால் இரண்டாவது டிரைவர் வேண்டும் என்று பேசும்போதே சொல்லி, அவருடைய லைசென்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள்.