அந்த ராஜினாமா பேப்பர் இன்னும் உங்கள் பையில்தானே இருக்கிறது?

கேள்வி: திருவொற்றியூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் (உலோகத் தகடு அழுத்தும் பட்டறை) 9 வருடமாக ஆபரேட்டர். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்குகிறேன். போன மாதம் கை கிழிந்தபோது, கட்டுப்போட வந்த நண்பரிடம் உண்மையைச் சொல்லி, கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னேன். சூப்பர்வைசர் ஷிப்ட் முழுக்கப் பரப்பிவிட்டார். கேன்டீனில் எனக்குத் தனி டம்ளர். 'சொந்தக் காரணம்' என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ஒன்றரை லட்சம் தருகிறார்களாம். பேப்பரும் கொடுத்துவிட்டார்கள். எல்லார் மேலும் கேஸ் போடலாமா?

பதில்: டம்ளரை விடுங்கள். சூப்பர்வைசர் பேசியது தவறுதான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா? கேஸே அதில்தான் இருக்கிறது.

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி உங்களை நீக்க வேண்டுமானால், உங்களால் மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்கிறது, அல்லது உங்களால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று நிர்வாகத்தைச் சாராத ஒரு மருத்துவர் எழுதித் தந்ததன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். மாற்று ஏற்பாடு செய்து தர ஏன் முடியவில்லை என்று நிர்வாகமும் எழுதித் தர வேண்டும். பிரஸ் ஓட்டுகிறவருக்கு அப்படி எழுத எந்த மருத்துவரும் துணியமாட்டார். தொற்றுள்ள ரத்தம் இருந்த ஊசி நேராகக் குத்தினாலே ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்குத்தான் தொற்றும். டம்ளரிலும் கழிப்பறையிலும் தொற்றவே தொற்றாது. இது ஹெச்.ஆருக்கும் தெரியும். அதனால்தான் நீக்காமல், நீங்களாகவே போனதாக எழுதி வாங்கப் பார்க்கிறார்.

வழக்கு விஷயமாக எண்ணூர்ப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். மிரட்டி வாங்கினார்கள் என்றார். சாட்சி? கூட நின்ற நாலு பேரில் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கும் வேலை வேண்டுமே. நிர்வாகம் கடிதத்தையும் பேங்க்கில் விழுந்த பணத்தையும் காட்டியது. அதற்கு மேல் என்னால் பேச ஒன்றுமில்லை.

இன்னொரு குழி, கோபத்தில் வேலைக்குப் போகாமல் இருப்பது. பத்து நாள் கழித்து, சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று நோட்டீஸ் வரும். தினமும் போங்கள். கேட்டில் நிறுத்தினால் அன்றைக்கே தேதி, நேரம் போட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதில் நோயின் பெயர் வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் நியாயம் கேட்காதீர்கள். நீங்களே ஊரறியச் சொன்ன பிறகு, அவர்கள் வெளியிட்டார்கள் என்று எப்படி வாதாடுவது? கோர்ட்டுக்குப் போனால் பெயரை மறைத்து வழக்கு நடத்த அந்தச் சட்டமே இடம் தருகிறது. மனுவில் பெயர் ஏறுவதற்கு முன்பே அதைக் கேளுங்கள்.

சரி, அந்த ஷெட்டில் இனி இருக்கவே முடியாது என்கிறீர்களா? அப்படியானால் பேசி முடிப்பதே மேல், வீம்புக்கு வழக்கு வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 என்றால், 9 வருடக் கிராஜுவிட்டியே (பணிக்கொடை) சுமார் 93,460 ரூபாய். அது உங்கள் காசு. அவர்கள் நீட்டும் ஒன்றரை லட்சத்தில் அதுவும் அடக்கம் என்றால், உண்மையில் தருவது 57,000கூட இல்லை. கிராஜுவிட்டியும் பி.எஃப்.பும் தனி, அதற்கு மேல் எவ்வளவு என்று கேளுங்கள். பேச்சைத் தொழிலாளர் துறைச் சமரச அலுவலர் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், ஹெச்.ஆர். அறையில் வேண்டாம்.