எடை குறைந்தது, முடியும் கொட்டுகிறது: வழுக்கை விழுமா?

கேள்வி: வயது 34, பெண். எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையைச் சின்னதாக்குவது) செய்து நான்கு மாதம் ஆகிறது. சில வாரங்களாகத் தலை சீவினாலே முடி கொத்துக் கொத்தாக வருகிறது. பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை. வழுக்கை ஆகிவிடுமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஆகாது. இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். இன்று சீப்பில் வருகிற முடி, ஆபரேஷன் சமயத்திலேயே வளர்வதை நிறுத்திவிட்ட முடி. எப்போதுமே நம் தலைமுடியில் ஏறக்குறைய 10 சதவீதம் ஓய்வில் இருக்கும்; ஆபரேஷன், சட்டென்று குறைந்த சாப்பாடு, வேகமாக இறங்கும் எடை எல்லாம் ஒன்றாக வரும்போது இன்னும் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், மூன்று நான்கு மாதம் கழித்து மொத்தமாக உதிர்கிறது. விழுந்த முடியின் வேர்ப் பக்க முனையைப் பாருங்கள், வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரியும். முடி முளைக்கிற குழி தலையில் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

பெரும்பாலும் கொட்ட ஆரம்பித்து ஆறு மாதத்துக்குள் அது அடங்கும். ஆனால் முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும், அதனால் பழைய அடர்த்தி வர நாளாகும்.

பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பெரிய பலன் கிடையாது, போதாததற்கு தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டிவிடலாம், எனவே பரிசோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். யாரோ சொன்னார்கள் என்று துத்தநாகத்தையும் (ஜிங்க்) அள்ளிப் போடாதீர்கள்; அது அதிகமானால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகையும் நரம்புப் பிரச்சினையும் வரலாம்.

நான் கேட்பது வேறு: தினமும் புரதம் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? பொதுவாக 60 முதல் 80 கிராம் தேவை. வயிறு சின்னதாகிவிட்டதால் நாலு வாயிலேயே நிறைந்துவிடும், ஆகவே தட்டில் புரதத்தைத்தான் முதலில் சாப்பிட வேண்டும். ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதித்தந்த வைட்டமின்களை விடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஆபரேஷன் ஆகி ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகக் கொட்ட ஆரம்பித்தாலோ, ஒரு வருடமாகியும் நிற்காவிட்டாலோ, சத்துக் குறைபாட்டைத் தேட வேண்டும்: ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, ஃபோலேட், ஜிங்க், அப்புறம் தைராய்டு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, இரும்புச் சேமிப்பு அதற்கு முன்பே காலியாகியிருக்கலாம். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி வாந்தி வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள், ஏனென்றால் வாந்தியால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்தால் பாதிக்கப்படுவது நரம்பும் மூளையும்.